குளிர்காலத்துக்கு அரிசோனால ஆர்வி ரிசார்ட்ல தங்கப் போறீங்களா? முதல் வருஷம் எதையும் வாங்காதீங்க

ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் வந்த ரெண்டாவது ஜனவரி. டிரைவ்வேல பனி தள்ளிட்டு இருந்த எங்க வீட்டுக்காரர் இடுப்பப் பிடிச்சிக்கிட்டு உள்ள வந்து உக்காந்தவரு, "இந்த மிச்சிகன் குளிர் இனி நமக்கு ஆவாது"ன்னாரு. அன்னைக்கு ராத்திரியே லேப்டாப்பத் தொறந்து ஆர்வி, அதாவது உள்ளயே சமைச்சு தூங்கிக்கற வீடு மாதிரி வண்டி, அதோட விலை பாக்க ஆரம்பிச்சிட்டாரு. நல்லவேளை வாங்க விடல. இப்ப ஆறு குளிர்காலம் ஆச்சு, அரிசோனாவுக்கும் மிச்சிகனுக்கும் வலசை போற பறவை மாதிரிதான் எங்க வாழ்க்கை, அதனாலதான் இங்க எங்கள ஸ்னோபேர்டுன்னே சொல்றாங்க. நம்ம ஆளுங்க ரிட்டயர் ஆகுறவங்க நிறைய பேர் போன் பண்ணி இதப்பத்தி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் முக்கால் மணி நேரம் பேசி தொண்டை வத்திப் போச்சு, அதான் எழுதியே வெச்சிடலாம்னு.

மொதல்ல ஒண்ணு. முதல் வருஷம் வண்டி வாங்காதீங்க, இடம் வாங்காதீங்க, வருஷ லீஸ் போடாதீங்க. பார்க் மாடல் ஒண்ணு வாடகைக்கு எடுத்து ஒரு மாசம் இருந்து பாருங்க. பார்க் மாடல்னா பாக்க குட்டி வீடு மாதிரி இருக்கும், அதிகபட்சம் 400 சதுர அடி, அடியில சக்கரம் இருக்கும் ஆனா அது எங்கயும் நகராது. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்திரம் எல்லாம் அதுலயே இருக்கும், நீங்க துணிமணியோட ஃப்ளைட்ல போய் இறங்கினா போதும். நாங்க முதல் வருஷம் மேசா பக்கம் பிப்ரவரி ஒரு மாசம் அப்படித்தான் இருந்தோம். அந்த ஒரு மாசத்துல தெரிஞ்சுது, எனக்கு பாலைவனம் பிடிக்குது, அவருக்கு பாலைவனம் பிடிக்குது, ஆனா ரெண்டு பேரும் 400 சதுர அடிக்குள்ள ஒண்ணா இருக்கறதுதான் ரெண்டு பேருக்கும் பிடிக்கல :) சிரிக்காதீங்க, இதுதான் நிஜமான பரீட்சை. முப்பத்தஞ்சு வருஷம் அவர் ஆபீஸ், நான் ஆபீஸ், சாயந்திரம்தான் மூஞ்சியப் பாத்துக்குவோம். திடீர்னு இருபத்திநாலு மணி நேரமும் அவர் டிவி சத்தமும் என் போன் பேச்சும் ஒரே ரூம்ல. இத ஒன்றரை லட்சம் டாலர் வண்டி வாங்கினதுக்கு அப்புறம் கண்டுபிடிக்காதீங்க. நாங்க கண்ட வழி என்னன்னா காலைல ரெண்டு பேரும் வேற வேற கிளப்புக்குப் போயிடறது, மதியம் சாப்பாட்டுக்குத்தான் பாத்துக்கறது.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணும் பீக். பிப்ரவரிக்கு இடம் வேணும்னா முந்தின வசந்தகாலத்துலயே சொல்லி வெக்கணும், நவம்பர் கடைசில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்சு போன் பண்ணா வெயிட்டிங் லிஸ்ட்தான். நவம்பர் டிசம்பர்ல சுலபமா கிடைக்கும், வாடகையும் குறைச்சலா இருக்கும், மொத தடவ போறவங்களுக்கு அதுவே போதும்.

எந்த ஊருங்கறதுதான் அடுத்த கேள்வி. பீனிக்ஸுக்கு கிழக்க மேசா, அப்பாச்சி ஜங்ஷன் பக்கம் பெரிய பெரிய ரிசார்ட் இருக்கு. ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் எல்லாம் பக்கத்துல, சாண்ட்லர் போனா நம்ம மளிகைக் கடை, தோசை ஹோட்டல் எல்லாம் உண்டு, பேரப்பசங்க ஃப்ளைட் பிடிச்சு வர்றதும் சுலபம். ஆனா ட்ராஃபிக், வாடகையும் கூடுதல். யூமா அரிசோனாவோட தென்மேற்கு மூலைல, கலிபோர்னியாவும் மெக்சிகோவும் முட்டிக்கிற இடம். அமெரிக்காவுலயே வெயில் அதிகமா அடிக்கிற ஊர்னு பேர் வாங்கினது, வருஷத்துக்கே மூணு இன்ச் சுமாருக்குத்தான் மழை. ஜனவரில பகல்ல 70 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் இருக்கும். நாங்க இப்ப இருக்கறது இங்கதான். குறைனு சொன்னா நம்ம சாமானுக்கு பீனிக்ஸ் பக்கம் மூணு மணி நேரம் ஓட்டணும், அதனால மாசத்துக்கு ஒரு தடவை லிஸ்ட் போட்டு போயிட்டு வருவோம். பெரிய ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் வேணும்னாலும் பல சமயம் அதே ரோடுதான், இதய நோய் மாதிரி ஏதாவது இருக்கறவங்க மேசா பக்கமே இருந்துக்குங்க, இதுல வீரம் காட்டாதீங்க.

இன்னொரு உலகம் குவார்ட்ஸைட். யூமாவுக்கு வடக்க 80 மைல். அங்க ஊரச் சுத்தி மத்திய அரசு நிலம், பிஎல்எம்னு சொல்லுவாங்க, அதுல நீண்ட நாள் தங்கறதுக்குன்னே ஒதுக்கின ஏரியா இருக்கு. செப்டம்பர் 15-லருந்து ஏப்ரல் 15 வரைக்கும் சீசன் பர்மிட், நாங்க விசாரிச்சப்ப ஏழு மாசத்துக்கும் சேத்து 180 டாலர், ரெண்டு வாரத்துக்கு 40. ஆமா, அப்ப மொத்தமாவே அவ்ளோதான். ஆனா உங்க இடத்துல கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது, சோலாரும் ஜெனரேட்டரும் உங்க பாடு, தண்ணி பிடிக்கவும் கழிவு கொட்டவும் வண்டிய எடுத்துட்டுப் போகணும். ஜனவரில அங்க பெரிய டென்ட் போட்டு ஆர்வி ஷோ நடக்கும், கல்லு கனிமம் விக்கற சந்தையும் நடக்கும், திருவிழாக் கூட்டம். பாக்கப் போங்க, கண்டிப்பா. ஆனா மொத வருஷமே அங்க டேரா போடறது நீச்சல் தெரியாம கிணத்துல குதிக்கற கதை.

ரிசார்ட் முடிவு பண்றதுக்கு முன்னாடி போன்ல கேக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. நிறைய இடம் 55 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும். 1995-ல வந்த சட்டப்படி குறைஞ்சது 80 சதவீத வீடுகள்ல ஒருத்தராவது 55 தாண்டினவரா இருந்தாத்தான் அப்படி நடத்த முடியும், அதனால வயசு ப்ரூஃப் கேப்பாங்க, தப்பா நெனைக்காதீங்க. பேரப்பசங்க வந்தா எத்தனை நாள் தங்கலாம், எந்த நேரத்துல நீச்சல்குளம்னு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ரூல் இருக்கும், கேட்டு எழுதி வாங்குங்க. வண்டி பத்து வருஷத்துக்கு மேல பழசா இருந்தா சேக்க மாட்டோம்பாங்க சில பேர், சில பேர் போட்டோ அனுப்புங்க பாக்கலாம்பாங்க. மாச வாடகைல கரண்ட் பெரும்பாலும் அடங்காது, மீட்டர் வெச்சு தனியா பில் வரும்.

ஆனா முக்கியமானத போன்ல சொல்ல மாட்டாங்க. யூமால ஏர்போர்ட்டும் மரீன் படையோட விமானத் தளமும் ஒரே ரன்வே, போர் விமானம் மேல போச்சுன்னா போன்ல பேசிட்டு இருக்கறத நிறுத்திட்டுக் காத்திருக்கணும். ரயில் பாதை ஒரு பக்கம், ஐ-8 ஹைவே ஒரு பக்கம். சுத்திலும் வயல். குளிர்காலத்துல அமெரிக்கா சாப்பிடற லெட்யூஸ் கீரைல பெரும்பங்கு இங்கருந்துதான் போகுது, ராத்திரி ரெண்டு மணிக்கு லைட் போட்டு அறுவடை நடக்கும், உரம் போட்ட அன்னைக்கு ஊரே மணக்கும், எந்த மணம்னு நான் சொல்ல மாட்டேன். அதனால புக் பண்றதுக்கு முன்னாடி ராத்திரி ஒரு தடவ அந்த தெருவுல போய் அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க. எங்க மூணாவது வருஷத்து இடத்துக்கு பகல்ல மட்டும் போய்ப் பாத்து அட்வான்ஸ் கொடுத்தோம், பின்னாடி மதிலுக்கு அந்தப்பக்கம் தண்டவாளம். ரெண்டு மாசம் காதுல பஞ்சு.

சரி, வாடகை வீட்டுல ஒரு மாசம் இருந்தாச்சு, பிடிச்சிருக்கு, வண்டி வாங்கியே தீரணும்னு அவர் ஒத்தக் கால்ல நிக்கிறாருன்னு வெச்சுக்குவோம். பழசு வாங்குங்க. ரெண்டு சீசன் ஓட்டிட்டு முடியலன்னு வித்துட்டுப் போறவங்க ஒவ்வொரு மார்ச் மாசமும் ரிசார்ட் நோட்டீஸ் போர்டுலயே சீட்டு ஒட்டுவாங்க. நாங்க இழுத்துட்டுப் போற 28 அடி டிரெய்லர் வாங்கினோம். டயர் பாக்க நல்லா பளபளன்னு இருக்கும், ஏமாறாதீங்க, டயர் பக்கவாட்டுல கடைசி நாலு இலக்கம் இருக்கும், 3519-னு இருந்தா 2019-ல 35-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பாலைவன வெயில்ல ட்ரெட் தேயறதுக்கு முன்னாடி ரப்பர் செத்துடும், அஞ்சாறு வருஷம் தாண்டினது எப்படி இருந்தாலும் மாத்திடுங்க. நிறுத்தி வெச்சதும் டயருக்கு துணி கவர் போட்டு மூடிடுங்க.

இப்ப கரண்ட். நம்ம ஆளுங்க அடி வாங்கற இடம் இதுதான். வண்டி 30 ஆம்ப்பா 50 ஆம்ப்பான்னு பாருங்க, ஏதோ கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்னு நெனைக்காதீங்க. 30 ஆம்ப்ல மொத்தம் 3,600 வாட்ஸ். 50 ஆம்ப்ல ரெண்டு லைன் வரும், மொத்தம் 12,000 வாட்ஸ். கணக்குப் போடுங்க, சின்ன ஹீட்டர் 1,500, இன்ஸ்டன்ட் பாட் 1,000, மைக்ரோவேவ் ஒரு 1,500, அதோட மிக்ஸி. 30 ஆம்ப்ல பிரேக்கர் விழுந்துடும். எங்க வீட்டுல சட்டம் போட்டாச்சு, மிக்ஸி ஓடும்போது ஹீட்டர் ஆஃப். இந்தியாலருந்து கொண்டுவந்த 220 வோல்ட் கிரைண்டர அங்க தூக்கிட்டுப் போகாதீங்க, அது ஓடாது. அப்புறம் ரிசார்ட் கம்பத்துல இருந்து வர்ற வோல்ட்டேஜ் ஏறி இறங்கும், வயரிங் தப்பா இருக்கற கம்பமும் உண்டு, அதனால சர்ஜ் ப்ரொடெக்டர் இல்லாம ப்ளக் சொருகாதீங்க. வோல்ட்டேஜ் குறைஞ்சாலும் தானா கட் பண்ற டைப்பா வாங்குங்க. காசு கூடதான், ஏசி கம்ப்ரசர் எரிஞ்சா ஆகுற செலவுக்கு அது ஒண்ணுமே இல்ல.

தண்ணிக்கு பிரஷர் ரெகுலேட்டர் வேணும், 40-லருந்து 50 பிஎஸ்ஐ போதும், அது இல்லாம நேரா ஹோஸ் மாட்டினா உள்ள இருக்கற பிளாஸ்டிக் பைப் எங்கயாவது விட்டுக்கும். குடிக்கற தண்ணிக்குன்னு தனி ஹோஸ், கழிவு கழுவறதுக்கு தனி ஹோஸ், கலர் வேற வேறயா வாங்குங்க, ரெண்டையும் ஒரே டப்பால போடாதீங்க. அங்க தண்ணி உப்பு சப்பா கடினமா இருக்கும், குழாய் முனை எல்லாம் வெள்ளையா படியும், பருப்பு வேக நேரமாகும். சின்ன சாஃப்ட்னர் கிடைக்குது, சாதா உப்பு போட்டே ரீசார்ஜ் பண்ணிக்கலாம்.

கழிவுத் தொட்டி. ரெண்டு தொட்டி இருக்கும், டாய்லெட் போறது பிளாக் டேங்க், குளியல் பாத்திரம் கழுவற தண்ணி கிரே டேங்க். ஹோஸ் சாக்கடைல மாட்டியே இருக்கே, வால்வத் தொறந்தே வெச்சிட்டா தானா போயிடும்லன்னு தோணும். தோணிச்சு எங்களுக்கும். தொறந்து வெச்சா தண்ணி மட்டும் ஓடிடும், மத்தது அப்படியே கோபுரம் கட்டிக்கும். கட்டிச்சு. ஆள் வெச்சு பிரஷர்ல அடிச்சு சுத்தம் பண்ண வேண்டியதாப் போச்சு, அந்த மனுஷன் வேலைய முடிச்சிட்டு போகும்போது "முதல் வருஷமா?"ன்னு மட்டும் கேட்டாரு. பிளாக் வால்வ எப்பவும் மூடி வெச்சு, டாய்லெட்ல தாராளமா தண்ணி ஊத்தி, முக்கால் நிறைஞ்சதும் மொத்தமா தொறந்து விடணும், அதுக்குப் பின்னாடியே கிரே தொறந்து விட்டா அந்த சோப்புத் தண்ணி ஹோஸையும் கழுவிட்டுப் போயிடும். நம்ம வழக்கப்படி தண்ணி உபயோகிக்கறவங்களுக்கு இந்த விஷயத்துல ஒரு அனுகூலம் உண்டு, பிளாக் டேங்க் கெட்டியாகற பிரச்சன அதிகமா வராது. சிங்க்ல எண்ணெய் கொட்டாதீங்க, சாம்பார் சட்டிய டிஷ்யூல தொடைச்சிட்டு கழுவுங்க.

சமையல்னு வந்தாச்சு, சொல்லிடறேன். தாளிச்சா உடனே ஸ்மோக் அலாரம் கத்தும், அந்த சின்ன இடத்துல கடுகு வெடிச்சா மூணு நாளைக்கு தலகாணில வாசனை. அதனால எங்க அடுப்பு பாதி நாள் வெளியதான், வண்டிக்குப் பக்கத்துல மேஜை போட்டு கேஸ் ஸ்டவ். எந்த அலாரத்தையும் கழட்டி வெக்கற வேலை மட்டும் வேணாம், தீ, கேஸ் கசிவு, கார்பன் மோனாக்சைடு மூணும் இந்த மாதிரி வண்டில ஆளக் கொல்லும். மாவு பொங்கறது ஒரு தலைவலி, ராத்திரி குளிர் 40 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் போயிடும், அதனால நான் மாவ மதியமே வெயில்ல நிக்கற கார்ல வெச்சிடுவேன், சாயந்திரம் பொங்கி வழியும். ஒரு தடவ சீட்லயும் வழிஞ்சுது.

கறிவேப்பிலைச் செடிய தூக்கிட்டு வராதீங்க! தொட்டில அருமையா வளத்ததுன்னு ஒரு அம்மா கொண்டாரப் பாத்தாங்க. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்கள அழிக்கற நோயப் பரப்பற ஒரு குட்டிப் பூச்சி கறிவேப்பிலைலயும் வாழும், அதனால அந்தச் செடிய மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போக கட்டுப்பாடு இருக்கு. யூமா பக்கம் எலுமிச்சைத் தோட்டம் ஜாஸ்தி, கலிபோர்னியா எல்லைல வண்டிய நிறுத்தி செடி, பழம் இருக்கான்னு கேக்கறதே அதுக்குத்தான். கடைல விக்கற இலைய வாங்கி ஃப்ரீசர்ல போட்டுக்குங்க.

மெடிகேர், அதாவது 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு அரசாங்கம் தர்ற மருத்துவக் காப்பீடு, அந்த விஷயத்த கிளம்பறதுக்கு முன்னாடியே தீத்துக்குங்க. ஒரிஜினல் மெடிகேர்னா எந்த மாநிலத்துலயும் மெடிகேர் எடுத்துக்கற டாக்டர்கிட்ட போகலாம். தனியார் கம்பெனி நடத்தற அட்வாண்டேஜ் பிளான்ல, அதுவும் அவங்க லிஸ்ட்ல உள்ள டாக்டர்கிட்டதான் போகணும்ங்கற எச்எம்ஓ டைப்பா இருந்தா, உங்க ஏரியாவ விட்டு வெளிய எமர்ஜென்சி, அர்ஜென்ட் கேர் மட்டும்தான் கவர் ஆகும், சாதாரண செக்கப்புக்கு காசு கையிலருந்து. தொடர்ச்சியா ஆறு மாசத்துக்கு மேல ஏரியால இல்லன்னா பிளான விட்டே பொதுவா எடுத்துடுவாங்க. மாத்தறதுக்கு முக்கியமான நேரம் அக்டோபர் 15-லருந்து டிசம்பர் 7 வரைக்கும், நீங்க பெட்டி கட்டற அதே சமயம், அதனால மறந்துடுவீங்க. திரும்ப ஒரிஜினலுக்கு வர்றப்ப மெடிகேர் கட்டாத மீதிய கட்டற மெடிகேப் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க உடம்பு பத்திக் கேள்வி கேக்கலாம், அதையும் யோசிச்சுக்கணும். மாத்திரை 90 நாளைக்கு வாங்கிக்குங்க.

கனடாலருந்து வர்ற நம்ம சொந்தக்காரங்களுக்கு கணக்கு வேற. ஒரு தடவைக்கு ஆறு மாசம் வரைக்கும் பார்டர்ல விடுவாங்க, ஆனா வரி ஆபீஸ் கணக்கு தனி. இந்த வருஷ நாள் முழுசா, போன வருஷத்துல மூணுல ஒரு பங்கு, அதுக்கு முந்தினதுல ஆறுல ஒரு பங்கு, கூட்டி 183 வந்துட்டா அமெரிக்க வரிக்காரரா ஆயிடுவீங்க. அதாவது வருஷா வருஷம் நாலு மாசத்துக்கு மேல இருந்தாலே மாட்டுவீங்க. என் வீடு வாசல் எல்லாம் கனடாலதான்னு சொல்ல 8840-னு ஒரு ஃபார்ம் இருக்கு, ஜூன் 15-க்குள்ள அனுப்பணும், ஆளுக்கு ஒண்ணு, புருஷன் பொண்டாட்டி சேத்து ஒண்ணு இல்ல. ஒன்டாரியோ ஹெல்த் கார்டு தங்கணும்னா 12 மாசத்துல 153 நாளாவது அங்க இருக்கணும். டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது பழைய வியாதிய மறைக்காதீங்க, மாத்திரை டோஸ் மாத்தினதக்கூட சொல்லணும், அதுலதான் க்ளெய்ம் அடிபடும்.

பூட்டிட்டுப் போற வீடு. மெயின் தண்ணி வால்வ மூடி, குழாயெல்லாம் தொறந்து வடிச்சிடுங்க. ஹீட்டர முழுசா ஆஃப் பண்ணாதீங்க, 55 டிகிரி ஃபாரன்ஹீட்ல விடுங்க. யாராவது வாரம் ஒரு தடவ உள்ள போய்ப் பாக்கணும், ஆளில்லாத வீட்டுல நடந்ததுக்கு தர மாட்டோம்னு இன்சூரன்ஸ்காரன் சொல்லலாம், பாலிசிய இப்பவே படிச்சிடுங்க. தபால்ல ஹோல்ட் 30 நாள்தான் போடமுடியும், மாசக்கணக்குல போறவங்க தற்காலிக ஃபார்வர்டிங் போடணும்.

ஓட்டிட்டுப் போறதுல ஒரே ஒரு விஷயம், மேப் காட்டற கிட்டத்து வழிய நம்பாதீங்க. ஐ-40 ஃப்ளாக்ஸ்டாஃப் வழியா போகும், அது ஏறக்குறைய 7,000 அடி உயரம், அரிசோனாதானேன்னு போனா முட்டி வரைக்கும் பனி. டிரெய்லர் இழுக்கறவங்க ஓக்லஹோமா தாண்டினதும் கீழ டெக்சாஸ் இறங்கி எல் பாசோ, டூசான் வழியா ஐ-10, அப்புறம் ஐ-8 பிடிங்க. நூறு இருநூறு மைல் கூட ஆகும், ஆகட்டுமே. ஒரு நாளைக்கு 300 மைல், மதியம் மூணு மணிக்கு நிறுத்தம், ஒரே இடத்துல மூணு நாள்னு ஆர்விகாரங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க, மூணாவத நாங்க கடைப்பிடிக்கறதில்ல. கதகதப்பான ஊர் வர்ற வரைக்கும் வண்டி பைப்ல உறையாம காக்கற பிங்க் ஆன்டிஃப்ரீஸ் இருக்கட்டும். போய்ச் சேந்ததும் தண்ணித் தொட்டிக்கு 15 கேலனுக்கு கால் கப் பிளீச் கணக்குல ஊத்தி, எல்லா குழாயிலயும் வாசனை வர்ற வரைக்கும் விட்டு, சில மணி நேரம் ஊற வெச்சு கழுவிடுங்க.

அங்க நாள் எப்படி ஓடும்னா, காலைல ஏழு மணிக்கே டொக்கு டொக்குன்னு பிக்கிள்பால் சத்தம், டென்னிஸ் மாதிரி ஒரு மட்டை விளையாட்டு அது. மரம் செதுக்கறது, கல்லு அறுத்து பாலிஷ் போடறது, தையல், சீட்டு, ஏதாவது ஒண்ணு நடந்துட்டே இருக்கும். நாலு மணிக்கு யாராவது ஒருத்தர் வாசல்ல நாற்காலியப் போட்டு வட்டம் கட்டிடுவாங்க, மினசோட்டா, வாஷிங்டன், சஸ்காச்சுவான்னு எல்லா ஊர்க்காரங்களும். நம்ம ஆளுங்க கூச்சப்பட்டு உள்ளயே உக்காந்துடறாங்க, அப்புறம் ஆறாவது வாரம் போர் அடிக்குதுன்னு பொண்ணு வீட்டுக்கு ஃப்ளைட் போடறாங்க. பாட்லக்னு ஆளுக்கு ஒரு சமையல் கொண்டு வந்து சேந்து சாப்பிடுவாங்க, முதல் தடவையே போங்க. நான் கொண்டு போன எலுமிச்சை சாதம் அப்படியே திரும்பி வந்துது, அடுத்த வாரம் மசால் வடை, ரெண்டே நிமிஷத்துல தட்டு காலி. யாருக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆயிருக்கு, யார்கிட்ட ஏணி இருக்குன்னு எல்லாம் தெரியறது அந்த வட்டத்துலதான், ராத்திரி எங்க வீட்டுக்காரருக்கு மயக்கம் வந்தப்ப ஆம்புலன்ஸுக்கு முன்னாடி வந்து நின்னது எதிர் வண்டிக்காரர்தான். இன்னொண்ணு, அரிசோனால கடிகாரத்த மாத்தற பழக்கம் இல்ல. குளிர்காலத்துல மிச்சிகனவிட ரெண்டு மணி நேரம் பின்னாடி, மார்ச்ல அவங்க மாத்தினதும் மூணு மணி நேரம். பேத்திக்கு போன் பண்றதுக்குள்ள அவ தூங்கிடுவா.

பாலைவனம்னா சூடுன்னு நெனைச்சு ஸ்வெட்டர் இல்லாம வராதீங்க, சூரியன் விழுந்ததும் சரசரன்னு குளிரும். காத்து திடீர்னு அடிக்கும், வெளிய போகும்போது பந்தல் துணிய சுருட்டி வெக்காம போனா கிழிச்சிட்டுப் போயிடும். பேக்ராட்னு ஒரு எலி இருக்கு, கார் இன்ஜினுக்குள்ள கூடு கட்டி வயரக் கடிச்சு வெச்சிடும், அங்க எல்லாரும் ராத்திரி கார் பானெட்டத் தொறந்து வெக்கறது காத்து வாங்க இல்ல, இருட்டு இல்லன்னா அது வராதுன்னுதான். ச்சோயான்னு (cholla) ஒரு கள்ளி உண்டு, பக்கத்துல போனாலே ஒட்டிக்கும், கையால எடுக்காதீங்க, பாக்கெட்ல ஒரு சீப்பு வெச்சிருங்க, சீப்ப உள்ள விட்டு ஒரு வீச்சு. காஞ்ச ஓடைப் பள்ளத்துல டேரா போடவே கூடாது, மழை எங்கயோ பெய்யும், வெள்ளம் இங்க வரும். இருமல், காய்ச்சல், அசதி வாரக்கணக்குல விடலன்னா வேலி ஃபீவரா இருக்கலாம், அந்த மண்ணுல இருக்கற ஒரு பூஞ்சை புழுதியோட மூச்சுல போய் வர்றது. ஊருக்குத் திரும்பினதுக்கு அப்புறம் வந்தா மிச்சிகன் டாக்டருக்கு அது சட்டுன்னு தோணாது, அரிசோனால இருந்தேன்னு நீங்களே சொல்லணும்.

பல் வைத்தியத்துக்கு யூமாலருந்து எல்லை தாண்டி மெக்சிகோவுல இருக்கற லோஸ் அல்கோடோனஸ் போகாதவங்களே கிடையாது. குட்டி ஊர், தெரு முழுக்க பல் டாக்டரும் கண்ணாடிக் கடையும். காரை அமெரிக்கப் பக்கம் பார்க்கிங்ல விட்டுட்டு நடந்தே போகலாம். பாஸ்போர்ட் வேணும், கிரீன்கார்டுக்காரங்க அதையும் கையோட எடுத்துக்குங்க. க்ளீனிங், கண்ணாடி மாதிரி சின்ன வேலைக்கு சரி, இம்ப்ளான்ட் மாதிரி பெரிய வேலைன்னா ரிசார்ட்ல ரெண்டு மூணு பேர்கிட்ட எந்த டாக்டர், இப்ப எப்படி இருக்குன்னு விசாரிச்சிட்டுப் போங்க, மெடிகேர் அங்க செல்லாது. காலைலயே போய் மதியத்துக்குள்ள திரும்புங்க, பிப்ரவரி மதியம் திரும்பற லைன் வெயில்ல நீளமா நிக்கும். ஊர்ல இருந்து வந்திருக்கற அம்மா அப்பாவ விசிட்டர் விசால இருக்கும்போது சும்மா பாத்துட்டு வரலாம்னு கூட்டிட்டுப் போயிடாதீங்க, திரும்ப உள்ள வர்றப்ப சிக்கலாகலாம்.

ஏப்ரல் நடுவுல எல்லாரும் கிளம்பிடுவாங்க, தெரு காலியாயிடும். நாங்க இப்ப வண்டிய இழுத்துட்டு வர்றதில்ல, அங்கயே ஸ்டோரேஜ்ல விட்டுட்டு வந்துடறோம். யூமா வெயில் கோடைல 110 தாண்டும், மூடின வண்டிக்குள்ள அதுக்கும் மேல, அதனால ஸ்ப்ரே டப்பா, மெழுகுவத்தி, பாட்டரி, மருந்து எதையும் உள்ள விடாதீங்க. ஃப்ரிட்ஜ காலி பண்ணி கதவத் தொறந்து ஒரு துண்ட சொருகி வெச்சிடுங்க. கேஸ் சிலிண்டர மூடி, ஜன்னலுக்கு வெள்ளி அட்டை ஒட்டுங்க. கடைசியா, அங்க இருக்கற பழைய ஆளுங்க சொல்லித் தந்தது, வண்டிக்குள்ள மூணு பக்கெட் நிறைய தண்ணி வெச்சிட்டு வருவோம், மர அலமாரியெல்லாம் வறண்டு விரிசல் விடாம இருக்கறதுக்கு. அக்டோபர் கடைசில வந்து கதவத் தொறந்தா பக்கெட்ல ஒரு சொட்டு இருக்காது, அடில வெள்ளையா உப்பு மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். மொத வேலையா அத சொரண்டிக் கழுவிட்டுத்தான் டீ போடுவேன்.